தறி நின்ற தவக்காலம்

2025ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள், தச்சுத் தொழிலாளியாகிய புனித சூசையப்பரின் பெருவிழா. அந்த நாளில்தான் கோவை, திருப்பூர் மாவட்டங்களின் கூலித்தறிகள் நின்றன. கூலி உயர்வு கேட்டு விசைத்தறி உடைமையாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் தொடங்கி, பாஸ்காத் திருவிழாவை ஒட்டியே ஓய்ந்தது. உழைப்பாளரின் பாதுகாவலருடைய திருநாளில் உழைப்பு நின்றது தற்செயலே என்பதை நாம் அறிவோம். எந்தச் சங்கமும் திருவழிபாட்டு நாட்காட்டியைப் பார்த்துப் போராட்டத்துக்கு நாள் குறிப்பதில்லை. ஆயினும், ஆண்டுதோறும் சாம்பல் பூசிக்கொண்டு நாமாகத் தொடங்கும் தவக்காலத்துக்கு நடுவே, நம்மைக் கேளாமலே வேறொரு தவக்காலம் வந்து புகுந்ததை எண்ணிப் பார்க்காமல் இருக்க இயலவில்லை.

தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு அச்சத்தம் காதில் விழுவதில்லை. அது நின்றால்தான் விழுகிறது. பல்லடத்தைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் அந்த நாட்களில் பலர் சொன்ன குறை விந்தையானது. இரவில் உறக்கம் வரவில்லை என்பதே அது. பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று ஓயாத ஒலியையே தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நிசப்தத்தில் விழித்துக்கொண்டார்கள். "தறி நின்னா நெஞ்சு நின்ன மாதிரி இருக்குதுங்க" என்று மூதாட்டி ஒருவர் நம்மிடம் கூறினார். அவர் வீட்டில் எட்டுத் தறிகள். எட்டும் நின்றிருந்தன.

தறித் தொழிலை அறியாத வாசகர்களுக்காக ஒரு சில சொற்கள். நம் பகுதியில் பெரும்பாலோர் செய்வது கூலி நெசவு. பாவு நூலையும் ஊடை நூலையும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுக்கிறார். தறி உடைமையாளர் அதனைக் காடாத்துணியாக நெய்து அவரிடமே திருப்பித் தருகிறார். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி இவருடையது, கொட்டகை இவருடையது, மின்கட்டணம், உதிரிப் பாகங்கள், வங்கித் தவணை யாவும் இவருடைய பொறுப்பு. நூல் மட்டும் இவருடையதன்று, துணியும் இவருடையதன்று. பல்லடத்தின் மற்றொரு பெருந்தொழிலான கறிக்கோழி வளர்ப்பிலும் இதே முறைதான். குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தாருடையவை. கொட்டகையும் கண்விழிப்பும் பண்ணையாளருடையவை. கிடைப்பது வளர்ப்புக் கூலி. கிணறுகள் வற்றி, மேட்டுக்காட்டில் வெள்ளாமை பொய்த்த காலத்தில் நம் குடும்பங்கள் பலவற்றைக் கரையேற்றியவை இவ்விரு தொழில்களே. அதை மறக்கலாகாது. அதே வேளையில், காலையில் எழுந்தவுடன் தொடும் பொருள் எதுவும் தன்னுடையதன்று என்று அறிந்தே வேலைக்குப் போகும் மக்கள் நம் மக்கள். வீட்டுப் பொறுப்பாளரைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமைகளை விளக்கப் பங்குத்தந்தை இவர்களிடம் அதிகம் பாடுபட வேண்டியதில்லை. பிறர் பொருளைப் பழுதின்றிக் காத்துத் திருப்பிக் கொடுப்பது என்றால் என்னவென்று இவர்களுடைய விரல்களுக்கே தெரியும்.

கூலித் தகராறு புதியதன்று. 2021ஆம் ஆண்டு நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேச்சு நடந்து, சோமனூர் ரகத்துக்கு 23 விழுக்காடும், பல்லடம் உள்ளிட்ட மற்ற ரகங்களுக்கு 20 விழுக்காடும் உயர்வு என்று முடிவாயிற்று. சொன்ன உயர்வு கைக்கு வரவில்லை என்று 2022 சனவரி 9ஆம் நாள் முதல் தறிகள் நிறுத்தப்பட்டன. மூன்றாண்டு கழித்து மீண்டும் அதே கதை. இரு தரப்பிலும் நியாயங்கள் உண்டு. நூல் விலை ஏறியிறங்கும் வேகத்தைத் தாங்க முடியவில்லை என்கிறார் உற்பத்தியாளர்; மின்கட்டணத்தைத் தாங்க முடியவில்லை என்கிறார் தறிக்காரர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூற நாம் அமரவில்லை.

நம்மை உறுத்துவது வேறொன்று. இந்தச் சங்கிலியில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். நூல் கொடுப்பவருக்கும் தறி வைத்திருப்பவருக்கும் அப்பால், பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே தறி ஓட்டுபவர். நாடா ஓடும் வழியில் கண் வைத்து, அறுந்த இழையை முடிச்சிட்டு, தார் தீர்ந்தால் மாற்றி, பஞ்சுத் தூசியை மூச்சாக இழுப்பவர். பேச்சு மேசையில் அவருக்கு நாற்காலி இருப்பது அரிது. மேலிருந்து உயர்வு வரவேண்டும் என்று கேட்கும் நாம், வந்த உயர்வில் எவ்வளவைக் கீழே இறக்குகிறோம்? ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே திருப்பலியில், இம்மூவரும் ஒரே வரிசையில் மண்டியிட்டு நற்கருணை வாங்குவது நம் பங்குகளில் நடக்கக்கூடியதே. திங்கட்கிழமை காலையில் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் ஞாயிற்றுக்கிழமையின் சாயல் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7ஆம் நாள் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் கொள்கைத் திரட்டு, தாம் அறிக்கையிடும் விசுவாசத்துக்கும் தம் அன்றாட வாழ்வுக்கும் இடையே பலர் வைத்திருக்கும் பிளவை நம் காலத்தின் பெரும் பிழைகளுள் ஒன்றாக எண்ணுகிறது. திருடுவதையும் கொலை செய்வதையும் பற்றி அங்கே பேச்சில்லை. செபமாலை சொல்லுகிற, காணிக்கை போடுகிற, திருவிழாவுக்குக் கொடியேற்றுகிற நல்ல மனிதர்களைப் பற்றியே பேச்சு. சங்கத் தந்தையருள் பெரும்பாலோர் பல்லடத்தைக் கண்டதில்லை. ஆயினும் நம் கூலிக் கணக்கு நோட்டை அவர்கள் எப்படியோ புரட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891 மே 15ஆம் நாள் எழுதிய திருமடலும் இத்தகையதே. இருவர் மனமொத்துக் கூலி பேசி முடித்துவிட்டால் அத்தோடு நீதி முடிந்துவிட்டது என்னும் வாதத்தை அவர் ஏற்கவில்லை. வேறு வழியின்றி, இன்னும் பெரிய கேடு வருமோ என்னும் அச்சத்தால் ஒருவன் குறைந்த கூலிக்கு இணங்கினால், அந்த இணக்கமே அவன்மீது இழைக்கப்பட்ட வன்முறை என்றார். சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்குப் போதாத கூலி, கையெழுத்துப் போட்டு வாங்கினாலும் நீதியான கூலி ஆகாது. "அவந்தான் ஒத்துக்கிட்டானுங்களே" என்று நாம் சொல்லி முடிக்கும் இடத்தில்தான் அவர் தம் கேள்வியைத் தொடங்குகிறார். 1981ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மனித உழைப்பைப் பற்றி எழுதியபோது, ஒரு பொருளாதார அமைப்பு முழுவதும் நீதியானதா என்று சோதிக்க வேண்டுமானால் அங்கே உழைப்பவன் கையில் விழும் கூலியைப் பாருங்கள் என்னும் பொருளில் எழுதினார்.

திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமை நம் பக்கத்தில் எப்போதும் ஒரு முணுமுணுப்பை எழுப்பும். விடியற்காலை வந்தவனுக்கும் மாலை வந்தவனுக்கும் ஒரே கூலியா என்று கொங்கு நாட்டு விவசாயியின் கணக்கு மூளை கேட்கும். கேட்பது இயல்பே. நாமோ அவ்வுவமையில் வேறோர் இடத்தில் தயங்கி நிற்கிறோம். மாலை வேளையில் சந்தை வெளியில் நின்றவர்களைப் பார்த்து, ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள் அவர்கள். சோம்பேறிகள் என்று அவர் முடிவு கட்டவில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறார். வேலைநிறுத்த நாட்களில் காலைதோறும் தூக்குப் பாத்திரத்தோடு கட்டட வேலை கிடைக்குமா என்று சாலையோரம் நின்ற தறித் தொழிலாளரைப் பார்த்து, நின்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

அந்தத் தவக்காலத்தில் நோன்பைப் பற்றி நாம் கேட்ட பிரசங்கங்கள் வழக்கமானவையே. வெள்ளிக்கிழமை இறைச்சி விலக்குதல், ஒருவேளை உணவு ஒறுத்தல், அந்தச் செலவை உண்டியலில் சேர்த்தல். நல்லவையே அனைத்தும். ஆனால் தறி நின்ற மூன்றாம் வாரத்தில், வாரக்கூலி இல்லாத வீடுகளில் ஒறுப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. விரும்பி ஏற்கும் பசிக்கும் விரும்பாமல் வரும் பசிக்கும் இடையே பெருந்தூரம் உண்டு. முன்னதைச் செய்கிறவர் பின்னதில் கிடக்கிறவரின் வீட்டு வாசல் வரையாவது நடக்க வேண்டும் என்பதே ஏசாயா இறைவாக்கினர் நோன்பைப் பற்றிச் சொன்னதன் சாரம்.

நடந்தவர்கள் சிலர் உண்டு. பாரிசு நகரில் 1833ஆம் ஆண்டில் பிரெதெரிக் ஓசானாம் என்ற மாணவர் தம் நண்பர்களோடு தொடங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை நம் பங்குகளில் பழகிப்போன ஒன்று; அதன் உறுப்பினர் பெரும்பாலும் நரைத்த தலையினர். ஏழையின் வீட்டுக்கு நேரில் செல்வதும், கூட்ட முடிவில் சுற்றிவரும் பையில் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி கைவிடுவதும் அச்சபையின் வழக்கங்கள். அந்தப் பைக்குப் பின்னாலுள்ள ஞானத்தை நாம் இப்போதுதான் உணர்கிறோம். ஏனெனில் இம்முறை உதவி தேவைப்பட்டவருள் என்றும் கை நீட்டியறியாத தறி உடைமையாளர்களும் இருந்தனர். மகள் கலியாணத்துக்கு ஊருக்கே பந்தி வைத்தவர், மொய் எழுதும்போது எவருக்கும் குறைவாக எழுதாதவர், திருவிழாவில் ஒரு நாள் உபயம் ஏற்பவர். அவர் வீட்டு அடுப்படியில் அரிசி இல்லை என்பதை யாரிடம் சொல்வார்? கௌரவம் என்னும் சொல் நம் நாட்டில் உணவைவிடப் பெரியது. அரிசிப் பையைப் பகலில் கொண்டுபோனால் வாங்க மாட்டார் என்று தெரிந்து, இருட்டிய பின் பின்கதவு வழியாக வைத்துவிட்டு வந்தவர்களை நாம் அறிவோம். அவர்கள் பெயரைக் கேட்காதீர்கள், அவர்களே சொல்லமாட்டார்கள்.

பின்கதவும் இல்லாதவர்கள் வடநாட்டுப் பிள்ளைகள். ஒரிசா, சார்க்கண்டு, பீகார் என்று பல பக்கத்திலிருந்து வந்து தறிக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் ஆறேழு பேராகத் தங்கியிருப்பவர்கள். அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு என்பது நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கிறது. ஞாயிற்றுத் திருப்பலியில் கடைசி வரிசையில், மொழி புரியாமல், எழும்போது எழுந்து அமரும்போது அமர்ந்து, நற்கருணைக்கு மட்டும் தயக்கமின்றி முன்வரும் இளைஞர்களைக் கண்டிருப்பீர்கள். சோட்டாநாகபுரியின் மண்ணில் 1885இல் கால் வைத்த பெல்சிய நாட்டு இயேசு சபைக் குரு கொன்சுதான் லீவன்சு, முண்டா, ஒராவோன் மக்களின் நிலக் குத்தகை வழக்கிலும் கூலியில்லா வேலை வழக்கிலும் அவர்கள் பக்கம் நின்றார். அம்மக்கள் திருச்சபைக்குள் பெருந்திரளாக வந்த வழி அது. நீதிமன்றத்தில் பக்கத்தில் நின்றவரைப் பின்தொடர்ந்து கோவிலுக்கு வந்த முன்னோர்களின் பேரப்பிள்ளைகள் நம் கடைசி வரிசையில் நிற்கிறார்கள்.

2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத்தார் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்ப் படங்கள் கைபேசிகளில் பரவின. அச்சத்தால் பலர் திருப்பூர்ப் பகுதியை விட்டு ஊர் திரும்பினர். வதந்தி என்று அரசு விளக்கியது. விளக்கத்தைக் காட்டிலும் வதந்திக்குக் கால்கள் நீளம். அந்த வாரம் அந்தப் பிள்ளைகளின் அறைக் கதவைத் தட்டி, பயப்படாதே தம்பி என்று சொல்ல எத்தனை கத்தோலிக்க வீடுகள் முன்வந்தன என்பதை அந்தந்தப் பங்கினரே தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். 'வடக்கத்தியான்' என்று நாம் எளிதாக ஒரு சொல்லை எறிகிறோம். சோமனூருக்கு அருகிலுள்ள கருமத்தம்பட்டியில், நம் செபமாலை அன்னையின் திருத்தலத்தில், 1846ஆம் ஆண்டு ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட மரியான் தே பிரெசில்லாக் ஆண்டகை பிரான்சு நாட்டவர். நம் நாட்டுத் திருச்சபையை நம் நாட்டுக் குருக்களே நடத்த வேண்டும் என்று வாதாடியவர். பின்னர் ஆப்பிரிக்க மறைபோதக சபையை நிறுவி, 1859இல் சியாரா லியோனின் பிரீடவுன் நகரில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். அவரை நாம் அயலார் என்று சொல்வதில்லை. கடல் கடந்து வந்தவரை நம்மவராக்கிக்கொண்ட கருமத்தம்பட்டிக்கு, இரயில் ஏறி வந்தவர் எப்படி அயலாராவார் என்பது நமக்கு விளங்கவில்லை.

அயலாரைத் தேடி அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. அன்பியக் கூட்டங்கள் வீடு வீடாக நடக்கின்றன, நல்லதே. ஆனால் எந்தத் தெருவில் தொடங்கி எந்தத் தெருவில் முடிகின்றன என்று பாருங்கள். சில வீடுகளுக்கு அட்டவணையில் முறை வருவதே இல்லை. சில வீடுகளில் செபம் முடிந்ததும் காப்பி வரும்போது சிலருக்கு அவசர வேலை வந்துவிடுகிறது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களின் முன்னேற்றத்துக்கான கொள்கையை வெளியிட்டபோது, திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை உண்டு என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டது. 2022 மே 15ஆம் நாள் புனிதராக உயர்த்தப்பட்ட நம் தமிழகத்துப் பொதுநிலையினர் தேவசகாயம், 1745இல் திருமுழுக்குப் பெற்றபின் எல்லாரோடும் ஒன்றாக அமர்ந்து உண்டதும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று. அவருடைய சாதிப் பெயரை உரோமை நகரமே நீக்கிவிட்டது. அவருடைய படத்தை மாலையிட்டு வைத்திருக்கும் வீட்டில் காப்பிக் குவளைகள் இரண்டு வகையாக இருந்தால், அந்தப் படத்தைச் சற்றுத் திருப்பி வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாக இருக்கும்.

பெரிய வெள்ளியன்று, ஏப்ரல் 18ஆம் நாள், அருளப்பர் எழுதிய பாடுகளின் வரலாறு வாசிக்கப்பட்டது. போர்வீரர் சீட்டுப் போட்டுக்கொண்ட அங்கி தையலின்றி மேலிருந்து ஒரே நெசவாக நெய்யப்பட்டது என்னும் இடம் வந்தது. மற்ற ஊர்களில் அது கடந்துபோகும் ஒரு செய்தி. ஒரு மாதமாகத் தறி நின்ற ஊரில் அப்படிக் கடக்கவில்லை. வழிபாடு முடிந்து வெளியே வந்ததும், அப்படி நெய்வது எந்தத் தறியில் கூடும் என்று ஆண்கள் நின்று பேசினர். ஒருவர் கேட்டார்: "அத நெஞ்சவருக்கு என்னங்க கூலி கெடச்சிருக்கும்?" சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

பாஸ்காத் திருநாளை ஒட்டி உடன்பாடு ஏற்பட்டது. மறுநாள் திங்கட்கிழமை, ஏப்ரல் 21ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிசு இறைவனடி சேர்ந்தார். மே 8ஆம் நாள் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய திருத்தந்தை 14ஆம் சிங்கராயர் என்ற பெயரைத் தெரிந்துகொண்டார். உழைப்பாளரின் திருமடலை எழுதிய 13ஆம் சிங்கராயரை நினைந்தே அப்பெயரைக் கொண்டதாக அவரே விளக்கினார். உரோமையில் அவர் அதைச் சொன்னபோது நம் ஊரில் தறிகள் மீண்டும் ஓடிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் அச்சத்தத்தில் உறங்கத் தொடங்கியிருந்தனர். ஊர் திரும்பிய வடநாட்டுப் பிள்ளைகளில் சிலர் வந்தனர், சிலர் வரவில்லை.

ஒரு மாதம் அசையாமல் கிடந்த பாவில் தூசி படிந்திருக்கும், இழைகள் தளர்ந்திருக்கும். தறியை ஓட்டத் தொடங்கியதும் இழைகள் அடிக்கடி அறும். முதலில் இறங்கும் துணியில் பழுது விழும். அது விலைபோகாது. அந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு? நூல்காரரா, தறிக்காரரா, ஓட்டுபவரா? மூவரும் வந்திருந்த ஓர் அன்பியக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. எழுப்பியவர் தறி ஓட்டுபவரின் மனைவி. அதுவரை அக்கூட்டங்களில் வாய் திறவாதவர். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் கேட்டுவிட்டு அமரவில்லை, பதில் வரும்வரை நின்றுகொண்டே இருந்தார். பேச்சு நீண்டது. அன்றைய செபமாலை தொடங்க முக்கால் மணி நேரம் தாமதமாயிற்று.